மஞ்சுக்குள் கேட்ட மூன்று விசில்

மேல்மலை மழைமானிக்கு இப்போது மாதாமாதம் யாரும் நடக்க வேண்டியதில்லையாம். தானாக மழையை அளந்து தானாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை அங்கே நட்டுவிட்டார்கள். வருடத்துக்கு இரண்டு முறை போய்த் துடைத்து, பேட்டரியை மாற்றிவிட்டு வந்தால் போதும். ஆனால் அந்த இரண்டு முறைக்கே ஆட்கள் தயங்குகிறார்கள். "பத்திரமா எப்படிப் போய்ட்டு வரணும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று அணைப் பிரிவிலிருந்து கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் தடையில்லாமல் வந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு நாளைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியவில்லை. அந்த நாளைப் பற்றியோ எனக்கே தெளிவில்லை. அதனால் இரண்டு பக்கம் என்பது இவ்வளவாக நீண்டுவிட்டது.

என் பெயர் ஆறுமுகம். ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். எனக்கு மில்லில் இடம் கிடைக்கவில்லை, அணையில் லஸ்கர் வேலை கிடைத்தது. மதகு திறப்பது, சங்கிலிக்கு மசகு போடுவது, கரையில் கசிவு பார்ப்பது, காலையும் மாலையும் நீர்மட்டம் குறிப்பது, இதெல்லாம் லஸ்கர் செய்ய வேண்டியவை. முதல் ஏழெட்டு வருடங்கள் இப்படியே போயின. பிறகு மேல்மலைக்குப் போய்வந்த ஊழியர் ஓய்வு பெற, கால் நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் தடவை நைலான் காலுறையும் ரப்பர் செருப்புமாகப் போனேன். நைலான் கண்ணிகளுக்குள் அட்டைப்பூச்சிகள் ஊசி மாதிரி நுழைந்துவிட்டன. பயத்தில் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். கடிவாயெல்லாம் புண்ணாகி இரண்டு வாரம் சீழ் வடிந்தது. அதற்குப் பிறகு கெட்டித் துணியில் முழங்கால் வரை உறை தைத்து, புகையிலை ஊறிய தண்ணீரில் முக்கிக் காயவைத்துக் கட்டிக்கொண்டேன். ஒரு குச்சி நுனியில் உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டால், ஏறிய அட்டையும் தொட்டவுடன் விழுந்துவிடும். பிய்க்கக் கூடாது.

உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையில் ஒரு செட் உலர்ந்த துணி கட்டாயம் வேண்டும். அதை ராத்திரி தூங்க மட்டும்தான் உடுத்த வேண்டும். காலையில் எழுந்ததும் முந்தின நாள் நனைந்த துணியையே திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நிமிடம் உடம்பு பதறும். ஆனால் உலர்ந்ததை உடுத்திக்கொண்டு நடந்தால் அரை மணியில் அதுவும் நனைந்துவிடும், ராத்திரிக்கு ஒன்றும் இருக்காது. தீ மூட்ட சைக்கிள் டியூப்பைத் துண்டு போட்டுக் கொண்டு போவோம். எந்த மழையிலும் அது பற்றும். தின்பதற்கு அவலும் கருப்பட்டியும். ஓடை கடக்கும்போது பையின் ஒரு தோள்வாரைக் கழற்றிவிட வேண்டும். காலை இழுத்தால் பையை விட்டுவிட்டு ஆள் பிழைக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகு மிதந்து வந்தால், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, கரையேறிவிட வேண்டும். மேலே எங்கேயோ கொட்டுகிறது என்று அர்த்தம். பார்க்காமல் எந்தக் கிளையையும் பிடிக்கக் கூடாது, பச்சைப் பாம்பு பச்சை இலைக்குள் தெரியாது. யானை லத்தியில் ஆவி பறந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு மழைமானியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்து போகக் கூடாது.

இவ்வளவும் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். கடைசி இரண்டையும் எழுதும்போதுதான் கை நின்றது. அவை இரண்டையும் ஒரே நாளில் மீறியவர்களில் நான் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர் கோமதிநாயகம் சார். பாளையங்கோட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, நெற்றியில் எப்போதும் திருநீறு. அதட்டி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதிகாரிகள் மழைமானியைப் பார்க்க மலையேறுவது வழக்கமில்லை, நாங்கள் எழுதிக் கொடுப்பதைக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். இவர் முதல் மாதமே, "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டார். கையில் திசைகாட்டி, கழுத்தில் ஒரு விசில், எண்ணெய்த்துணியில் சுற்றிய நோட்டு, இரண்டு பென்சில். பேனா மழையில் கரையும் என்பதால் பென்சில். எனக்கும் ஒரு விசில் வாங்கி வந்திருந்தார். ஒரு முறை ஊதினால் 'இங்கே இருக்கிறேன்', மூன்று முறை ஊதினால் 'வா'. நடக்கும்போது வாய்க்குள் அடிகளை எண்ணிக்கொண்டே வருவார். நூறு ஆனதும் ஒரு விரலை மடக்குவார்.

மேல்மலை மழைமானி என்பது இடுப்பளவு உயரமான ஒரு தகரப் பீப்பாய், மேலே புனல். ஒரு மாத மழை முழுவதும் அதற்குள் இறங்கி இருக்கும். வெயிலுக்கு ஆவியாகாமல் இருக்க மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டிருப்போம். அடியில் உள்ள குழாயைத் திறந்து அளவுக் கண்ணாடியில் பிடித்துப் பிடித்து அளக்க வேண்டும். அவர் வருவதற்கு முன் நான் நின்றபடியே பார்த்துச் சொல்லிவிடுவேன். அவர் அதை விடவில்லை.

"குனிஞ்சு பாரும்வே ஆறுமுகம். கண்ணு தண்ணி மட்டத்துக்கு வரணும். ஓரத்துல தண்ணி ஏறி நிக்கும், அத நம்பாதீரும். நடுவுல எறங்கி நிக்குல்லா, அதச் சொல்லும்."

நான் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்வார், பிறகுதான் எழுதுவார். ஒவ்வொரு கண்ணாடி நிறையும்போதும் நான் ஒரு கூழாங்கல்லைப் பாறைமேல் வைப்பேன். அவர் நோட்டில் ஒரு கோடு போடுவார். கடைசியில் கல்லும் கோடும் ஒத்துப்போக வேண்டும். அளந்த தண்ணீரையும் கீழே கொட்ட விடமாட்டார், ஒரு தகர டின்னில் சேர்த்து வைக்கச் சொல்வார். கணக்கு இடறினால் முதலிலிருந்து அளக்கலாம் அல்லவா. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. நாலைந்து மாதத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

வழிகாட்டியாக எங்களுடன் எப்போதும் வருபவர் மாதேவன் காணி. அணைக்கு மேலே உள்ள, மலைவாழ் மக்களான காணிகளின் குடியிருப்பைச் சேர்ந்தவர். அந்த ஆடி மாதம் நாங்கள் படகில் அணையைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய பெண்குழந்தை காய்ச்சலில் கிடந்தது. குழந்தை அவர் கையை விடவில்லை.

"நாளைக்குப் போவலாம் சாரே. இன்னைக்கு மேகம் எறங்கும் போலத் தெரியுது" என்றார்.

மறுநாள் மாதத்தின் அளவு மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சார் என்னைப் பார்த்தார். "உமக்கு வழி தெரியும்லா?"

"கண்ணக் கட்டி விட்டாலும் போவேன் சார்" என்றேன்.

இது நான் சொன்னது. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

மேலே ஏறும்போது மழைகூட இல்லை. பத்தரை மணிக்கு மழைமானிக்குப் போய்விட்டோம். அளந்து முடித்தபோது என் கல் அவர் கோட்டைவிட ஒன்று அதிகம் இருந்தது. நான் இரண்டு முறை வைத்தேனா, அவர் ஒரு கோடு விட்டாரா, தெரியவில்லை. "சரி, இன்னொரு தடவ பாப்போம்" என்றார். டின்னிலிருந்த தண்ணீரை முதலிலிருந்து அளந்தோம். இந்த முறை இருவருக்கும் ஒரே எண் வந்தது. ஆனால் அது முதலில் வந்த இரண்டும் அல்லாத வேறொரு எண். சார் சிரித்துவிட்டார். மூன்றாவது முறையும் அளந்து, எழுதி, எண்ணெய் விட்டுப் பூட்டியபோது மணி ஒன்றரை.

அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. நான்கடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. முன்னால் போகிறவரின் முதுகுகூடப் பனிபட்ட கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பது போலத் தெரியும். முக்கால் மணி நேரம் சரியாகத்தான் வந்தோம். ஓரிடத்தில் பாதைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. காலையில் அது இல்லை. அல்லது நாங்கள் காலையில் வந்த பாதை அது இல்லை. கிளைகளும் கொடிகளும் பின்னிக் கிடந்ததால் வேர்ப்பக்கமாகச் சுற்றினோம். சுற்றி வந்தபின் பாதையைக் காணவில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரிப் பாசி. விழுந்த மரத்துக்கே திரும்பிவிடலாம் என்று நடந்தோம். அந்த மரமும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு சிறு ஓடையில் வந்து நின்றோம்.

சார் திசைகாட்டியைப் பார்த்தார். "தண்ணி கிழக்காமத்தான் ஓடுது. இதப் பிடிச்சே எறங்கினா நம்ம அணைக்குத்தானவே போய்ச் சேரணும்."

அது மலைமுகட்டுக்குப் பக்கத்து இடம். கொஞ்சம் தள்ளிப் பிறக்கும் ஓடைகள் மேற்கே திரும்பிக் கேரளத்துக்குப் போய்விடும். இங்கே கிழக்கே ஓடுகிற தண்ணீர் நூறு அடிக்குப் பிறகு எங்கே திரும்பும் என்று யார் கண்டது? எனக்கு அந்த ஓடை தப்பு என்று பட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"வேண்டாம் சார். இங்கனயே இருப்போம். காலையில மாதேவன் அண்ணாச்சி தேடி வந்துருவாரு."

"உம்ம மனசுல என்ன படுது, சொல்லும்."

"தெரியல சார். வேண்டாம்னு மட்டும் படுது."

அவர் கோபப்படவில்லை. ஓடையை எட்டிப் பார்த்துவிட்டு, "நீரு இங்கனயே நில்லும். நான் எரநூறு அடி போயி ஓடை எப்படித் திரும்புதுன்னு பாத்துட்டு வந்துருதேன். எண்ணிக்கிட்டேதான் போவேன்" என்றார்.

நான் தடுத்திருக்க வேண்டும். அல்லது கூடப் போயிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

பலகை பலகையாக வேர் விட்ட ஒரு பெரிய மரம் ஓடைக்கு மேலே நின்றது. அதன் இரண்டு வேர்களுக்கு நடுவே நின்றுகொண்டேன். அவர் மஞ்சுக்குள் போனதும் ஒரு முறை ஊதினார். நானும் பதிலுக்கு ஒரு முறை ஊதினேன். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

அரை மணி நேரம் இருக்கும். மூன்று விசில் கேட்டது. இடது பக்கம் மேட்டிலிருந்து கேட்டது. அவர் போனதோ பள்ளத்தில். எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. பதிலுக்கு ஊதினேன். ஒன்றுதான் ஊதினேன் என்று நினைக்கிறேன். சத்தம் வந்த திக்கில் முப்பது அடி ஏறினேன். அங்கே ஒரு பட்டுப்போன கட்டையின் மேல் கருநீலத்தில் ஒரு பறவை. தோளில் மட்டும் நீலம் பளபளத்தது. என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து, வேலையற்ற பையன் தெருவில் அடிக்கிற மாதிரி சீட்டி அடித்தது. அந்தப் பறவை மழைக்காலத்தில் ஓடைப்பக்கம் பாடும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

விழுந்தடித்துக்கொண்டு மரத்துக்கே திரும்பினேன். முப்பது அடியில் மரம் கிடைத்ததே பெரிய காரியம். இனி நகர்வதில்லை என்று முடிவு செய்தேன்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் திரும்பவும் மூன்று கேட்டது. இந்த முறை கீழே, ஓடைப் பக்கமிருந்து. பறவை ஏற்ற இறக்கமாக இழுத்துப் பாடும். இது மூன்றும் ஒரே நீளம், ஒரே சுருதி. இன்று அப்படித் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் போயிருப்பேனே. 'பறவைதான்' என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. பறவை என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லுவானேன்?

இரவை வேர்களுக்கு நடுவே டியூப் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்திக் கழித்தேன். விடிந்து மஞ்சு விலகும் நேரத்தில் மாதேவன் காணியின் கூப்பாடு கேட்டது. பதில் கொடுத்தேன். எனக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"என்னத்துக்குவே இங்கன இருக்கீரு? பாத அந்தா கெடக்கு" என்று கையைக் காட்டினார். நாற்பது அடி தூரத்தில் இருந்தது பாதை.

ஓடையைப் பிடித்து இறங்கினோம். நானூறு அடிகூட இருக்காது. ஒரு வழுக்குப்பாறையின் அடியில் சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே கால் கோணிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் கயிற்றோடு விசில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும், "நோட்டு நனையலல்லா, பாரும்" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. நோட்டு நனையவில்லை.

என் பையில் உடுத்தாமல் கிடந்த உலர்ந்த துணியை அவருக்கு மாற்றினோம். காணி இரண்டு கம்பு வெட்டி, சாக்கைக் கோத்துத் தூளி கட்டினார். குடியிருப்பிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வந்தார். கீழே படகுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வழியில் காணியிடம் கேட்டேன், அந்த ஓடை எங்கே போகிறது என்று.

"நம்ம ஆத்துக்குத்தான். சுத்திக்கிட்டுப் போவும். ஆனா நடுவுல இதுமாதிரி மூணு பாறை உண்டு. மனுசன் எறங்க முடியாது."

அப்படியானால் சார் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.

மேலதிகாரி ஒருவர் விசாரித்தார். சார் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எழுதிக் கொடுத்திருந்தார், 'லஸ்கரை நகரக் கூடாது என்று நான்தான் உத்தரவிட்டேன்' என்று. அவர் உத்தரவு என்று எதையும் சொல்லவில்லை. நில்லும் என்றார், அவ்வளவுதான். மேலதிகாரி என்னைக் கேட்டார்: "விசில் சத்தம் ஏதும் கேட்டதா?"

"இல்ல சார்" என்றேன்.

கால் கூடியது, ஆனால் கொஞ்சம் குட்டையாகக் கூடியது. அவரை டவுன் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நான் ஓய்வு பெறும்வரை மலையேறினேன். அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவர் மூன்று முறை ஊதி என்னைக் கூப்பிட்டார், நான் பறவை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமும் இதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த பிறகு, அவரைக் கேட்காமல் இதை எழுதுவது முறையில்லை என்று தோன்றியது. சென்ற மாதம் பாளையங்கோட்டைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. காப்பி கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கு எனக்கு விசில் கேட்டுது சார். பொழுது சாயுத நேரம், மூணு தடவ. பறவைன்னு நெனச்சு இருந்துட்டேன். விசாரணையில கேக்கலன்னு சொல்லிட்டேன்."

"நான் ஊதலயேவே" என்றார் அவர்.

"சார்?"

"ஊத முடியல. உள்ள கெடக்குத தக்கைக் குண்டு நனைஞ்சு உப்பிப்போச்சு. விழுந்த பெறவு எத்தனையோ தடவ ஊதிப் பாத்தேன், வெறும் காத்துதான் வந்துது." டம்ளரைக் கீழே வைத்தார். "நீருல்லாவே ஊதினீரு?"

"ஒண்ணுதான் சார் ஊதினேன்."

"எனக்கு மூணு கேட்டுது. யானை கீன வந்து ஒமக்கு ஏதோ ஆபத்துன்னு நெனச்சேன். வந்த வழியே திரும்புனா நேரமாவும்னு பாறை மேல நேரா ஏறினேன். அதுலதான் வழுக்குனது."

அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னேன். அது எப்படிப் பாடும் என்று என்னால் முடிந்தவரை சீட்டி அடித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்படி ஒரு பறவை இருக்குன்னே எனக்குத் தெரியாதுவே" என்றார்.

அவர் கூப்பிட்டு நான் போகவில்லை என்று நான் நினைத்திருந்தேன். நான் கூப்பிட்டதாக நினைத்து அவர் காலை ஒடித்துக்கொண்டிருக்கிறார். இதற்கு ஆறுதல்படுவதா, வருத்தப்படுவதா என்றே எனக்குப் புரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். வழியில் பைய நின்று, "ஆறுமுகம், படபடப்புல நீரே மூணு ஊதியிருந்து, ஒண்ணுன்னு நெனப்பு வச்சிருக்கீரோ?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கல்லும் கோடும் ஒத்துப்போகாதபோது கேட்பாரே, அந்தக் குரல்.

யோசித்துப் பார்த்தேன். விசில் உதட்டில் பட்ட குளிர்ச்சி ஞாபகம் வந்தது. எத்தனை முறை என்பது வரவில்லை. "தெரியல சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் நாலு எட்டு வைத்துவிட்டு, "விசில் ஊதலன்னு நான் சொன்னேம்லா? தக்கை உப்பினத நான் பாத்தது மலையிலயா, மறுநாள் ஆஸ்பத்திரியிலயான்னு இப்ப நிச்சயமாச் சொல்ல முடியலவே" என்றார்.

பாபநாசம் பஸ் வந்தது. படியில் ஏறும்போது எனக்குக் கால் இடறியது. அவர் தம் நல்ல காலை ஊன்றிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.